கொல்லிமலையில் இறங்கும் சுமை

கொல்லிமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக எண்ணிக்கொண்டு சோளக்காடு வரை ஏறுவார்கள். 70 வளைவுகள் என்ற எண்ணிக்கை அப்படித்தான் புகழ் பெற்றது. அது சுற்றிப்பார்க்க வருகிறவரின் கணக்கு. மலையில் விளைந்ததை விற்று வாழ்கிறவரின் கணக்கு 70-இல் தொடங்கி ஒன்றில் முடிகிறது. மரவள்ளிக் கிழங்கும் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் மிளகும் காபியும் மேலிருந்துதான் வருகின்றன; சந்தையும் ஆலையும் கீழே இருக்கின்றன. ஏறும் சுமை என்ஜினைச் சோதிக்கும்; தாங்காவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கும் சுமை பிரேக்கைச் சோதிக்கும். தாங்காவிட்டால் வண்டி நிற்காது. ஒரு பழைய பிக்கப்பின் பிரேக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் பட்டறைக்குள் முடிந்துவிடும் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்த மலையைப் பொறுத்தவரை அந்தக் கோளாறு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் பிறப்பதில்லை. எந்தப் பயிர், எந்த அவசரத்தில், எப்படிப்பட்ட வண்டியில் கீழே போக வேண்டியதாயிற்று என்ற அரை நூற்றாண்டுக் கதையிலிருந்து அது பிறக்கிறது. விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஒரு வரி வந்ததும் விசாரணை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வரியிலிருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

மோட்டார் சாலை வருவதற்கு முன்னும் இந்த மலையிலிருந்து சரக்கு கீழே வந்தது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தேனையும் மிளகையும் பழங்களையும் ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாக இறக்கி, உப்பும் துணியும் வாங்கித் திரும்பினார்கள். ஆனால் விளைந்ததில் பெரும்பகுதி மலையை விட்டு இறங்கவே இல்லை. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் விளைந்த இடத்திலேயே சமைத்து உண்ணப்பட்டன. ஆண்டுக்கணக்கில் குதிரில் கிடந்தாலும் கெடாத தானியத்துக்கு அவசரம் கிடையாது. அந்த அவசரமின்மையை உடைத்தது மரவள்ளி. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றோர் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆலைகளின் பசி மலை மேலும் ஏறியது. சிறுதானிய நிலங்கள் ஒவ்வொன்றாக மரவள்ளிக்கு மாறின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்கப் பல ஆண்டுகள் பாடுபட நேர்ந்ததே அந்த மாற்றத்தின் ஆழத்தைச் சொல்லும். மரவள்ளிக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை காத்திருக்கும். தோண்டி எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடி மாவு கெடத் தொடங்கும். தோண்டிய அன்றோ மறுநாளோ அது ஆலை வாசலில் இருந்தாக வேண்டும். கெடாத தானியம் வீட்டோடு இருந்த மலையில், கெடும் கிழங்கு டன் கணக்கில், நேரத்துக்குக் கட்டுப்பட்டு இறங்கத் தொடங்கியது. பிரேக்கின் வரலாற்றை இங்கிருந்துதான் எழுத வேண்டும் என்பேன்.

கிழங்கு மட்டும் இறங்கவில்லை. 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மால்கோ நிறுவனத்தின் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் போனது. கனிம லாரி மேலே காலியாக ஏறும், கீழே நிறைந்து இறங்கும். அந்தத் தொழில் 2008-இல் ஓய்ந்தது. கிழங்கும் பழமும் ஓயவில்லை. இந்த இறக்கத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 3 கோடி ஜூல். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். சக்கரங்களில் தண்ணீர் இல்லை, வார்ப்பிரும்பு இருக்கிறது. ஒரே எடைக்குத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் இரும்பு தாங்கும். அந்த ஆற்றலில் பாதியை என்ஜினும் காற்றும் சாலையும் எடுத்துக்கொண்டன என்றே வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி நான்கு சக்கரங்களிலும் உள்ள ஐம்பது கிலோ இரும்புக்குள் இறங்கி, அங்கிருந்து வெளியேறாமல் தங்கினால் வெப்பம் 600 டிகிரி உயரும். தங்குவதில்லை, காற்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செல்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் போக முடியும். ஊர்கிற வண்டிக்குக் காற்றோட்டம் குறைவு. ஒரு வளைவில் சூடான டிரம் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பிரேக்குக்கும் மலை இறக்கத்துக்கும் உள்ள உறவு கொல்லிமலையில் தொடங்கியதல்ல. பிரேக் லைனர் என்ற பொருளே இறக்கத்திலிருந்து வந்ததுதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனபோது, வழியில் இருந்த இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். தேய்ந்தால் மாற்றக்கூடிய ஒரு மேலுறை வேண்டும், அடிக்கட்டை தேயக்கூடாது என்ற எண்ணம் அங்கே உருவானது. ஒன்பது ஆண்டு கழித்து, 1897-இல், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் இதே சிக்கலைக் கையில் எடுத்தார். அங்கே இறக்கத்தில் வரும் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டைகளுக்குப் பழைய பூட்ஸ் தோலைச் செருகுவது வழக்கம். அதைக் கவனித்து அவர் உருவாக்கிய லைனிங்தான் பின்னர் ஃபெரோடோ நிறுவனமாக வளர்ந்தது. சமவெளியில் மட்டுமே வண்டி ஓடியிருந்தால் மரக்கட்டையே நெடுங்காலம் போதுமானதாக இருந்திருக்கும். நம் ஊரில் இந்தத் தொழில் வேரூன்றியது 1960-களில். பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் இரண்டும் 1962-இல் சென்னையில் தொடங்கப்பட்டன. முன்னது ஆயில் பிரேக், பின்னது ஏர் பிரேக். ரானே பிரேக் லைனிங்ஸ் 1964-இல் வந்தது. தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் லைனரும் உள்நாட்டிலேயே, கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததற்கு இந்தப் பத்தாண்டுதான் காரணம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. லாரித் தொழிலின் வரலாறு இதில்லாமல் முழுமையாகாது.

அந்தப் பட்டறைகள் மலையடிவாரத்துக்கு அருகிலேயே இருந்தன என்பது கொல்லிமலையின் நல்வாய்ப்பு. மழை பொய்க்கும் வட்டாரமாக இருந்ததால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதி உழவர்கள் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் மாறினார்கள். நாமக்கல் நாடறிந்த லாரி ஊராகவும் பாடி கட்டும் ஊராகவும் ஆனது. லேத் பட்டறை, ஸ்பிரிங் பட்டறை, லைனர் அடிக்கும் கடை, பழைய உதிரிப்பாகக் கடை என்று ஒரு தொழில் வலையே அங்கே பின்னப்பட்டது. மலைக்கு வந்த வண்டிகளும் காலத்துக்கேற்ப மாறின. முதலில் மகேந்திரா ஜீப். 1986-இல் டாடா 407, 1988-இல் டாடாமொபைல், பிறகு பொலிரோ வகைப் பிக்கப்புகள், 2005-இல் டாடா ஏஸ். பழைய ஜீப்பின் பிரேக் அமைப்பைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறக்கம் குறித்த நம் ஓட்டுநர்களின் பழக்கங்கள் பல அதிலிருந்து வந்தவை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் வழி. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் சின்ன டிரம் அது. ஷாஃப்டின் ஜாயிண்ட் அறுந்தால் அதுவும் உதவாது. எனவே அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் பிரேக்கை நம்பாமல் கியரை நம்பினார்கள்; எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது அவர்களுடைய வேதம். பிந்தைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரு பகுதியானது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது, வேக்குவம் பூஸ்டர் வந்து பெடல் இலகுவானது. வண்டி பாதுகாப்பானது, பெடலின் மேலிருந்த அச்சமும் குறைந்தது.

பழுதைக் கண்டுபிடிக்கும் கலைக்கு இந்த மலை தரும் சவால் விசித்திரமானது. சமவெளியில் வரும் பிரேக் கோளாறு பட்டறை வரைக்கும் கூடவே வரும்: ஆயில் கசியும், ஒரு பக்கம் இழுக்கும், டிரம் உராயும். இறக்கத்தில் வரும் கோளாறு வெப்பத்தால் வருவது. வண்டி ஆறிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். 'மேலே பிடிக்கல, கீழே வந்ததும் சரியாயிடுச்சு' என்று ஓட்டுநர் சொன்னால், அதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிற மெக்கானிக் உண்டு. அது முழு உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெடல் எப்படி இருந்தது என்பது. என்ஜின் அணையாமலே, பெடல் கல் போலக் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், லைனர் சூட்டில் பிடிமானத்தை இழந்திருக்கிறது. ஆயில் அழுத்தம் போய்ச் சேர்ந்தது, உராய்வு கிடைக்கவில்லை. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரை வரை போனது என்றால், பிரேக் ஆயில் கொதித்து ஆவி உண்டாகியிருக்கிறது. ஆயில் நசுங்காது, ஆவி நசுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகவே இல்லை. இரண்டும் ஆறினால் சரியாகிவிடும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்கு ஆயில் மாற்றியும் பயனில்லை, பின்னதற்குப் புது லைனர் அடித்தும் பயனில்லை. டிரம்மைக் கழற்றினால் தடயங்கள் கிடைக்கும். லைனர் மேற்பரப்பு கண்ணாடி போல் மின்னுகிறதா, டிரம்மில் நீலம் பாய்ந்திருக்கிறதா, அதன் உட்புறம் மயிரிழை விரிசல்கள் சிலந்தி வலையாக ஓடுகின்றனவா, வீல் சிலிண்டரின் ரப்பர் கெட்டித்துப்போய் நகத்தால் அழுத்தினால் மீளாமல் இருக்கிறதா, ஆயில் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடு ஆறினாலும் சூட்டின் சுவடு ஆறுவதில்லை. நல்ல மெக்கானிக் இந்தச் சுவடுகளைக் கொண்டு வண்டியின் கடந்த காலத்தை வரிசைப்படுத்துகிறார். கல்வெட்டு படிக்கிறவரிடம் எதிர்பார்க்கும் நிதானம் இந்த வேலைக்கும் வேண்டும்.

இவற்றில் ஆயில்தான் எளிதில் மறக்கப்படுகிறது. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அதன் கொதிநிலைக்குத் தரம் வகுத்திருக்கும் அடிமட்டம் 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. பனியும் மழையும் மாறி மாறி வரும் மலையில், பல ஆண்டுகள் மாற்றப்படாத ஆயிலோடு வண்டி ஓடுகிறது; சமவெளியில் அந்த ஆயில் ஒருநாளும் தன் குறையைக் காட்டாது. எழுபது வளைவு இறங்கும் அன்றுதான் காட்டும். குறைந்திருக்கும் ஆயிலை மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதை ஆயில் மாற்றியதாக எண்ணக்கூடாது. பழையது முழுக்க வெளியேற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் குமிழி நிற்கும்வரை ஏர் எடுப்பது பட்டறைகளின் நீண்ட நாள் வழக்கம். அதோடு ஒட்டிய ஒரு கெட்ட வழக்கமும் உண்டு: சிலிண்டர் பாகங்களை டீசலில் கழுவுவது, பிரேக் ஆயில் தீர்ந்தால் வேறு எண்ணெய் ஊற்றுவது. பெட்ரோலிய எண்ணெய் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரை ஊதிப்போக வைக்கும். சில நாளில் ரப்பர் வாஷர் உப்பிச் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும், பெடலை விட்டபின்னும் பிரேக் ஷூ டிரம்மைத் தடவிக்கொண்டே இருக்கும், டிரம் ஓயாமல் சூடேறும். அடுத்த இறக்கத்தில் பிடிக்காமல் போகும் பிரேக்குக்கு மூலம், அளவுக்கு அதிகமாகப் பிடித்துக்கொண்டே இருந்த பிரேக்! இங்கே மெக்கானிக்கின் உடல்நலம் பற்றியும் ஒரு சொல். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்று அடித்துத் தூசியை ஊதும் பழக்கம் நுரையீரலைத் தின்னும் பழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களுடைய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொன்னது. சாலையோரப் பட்டறைகளுக்கு அந்தத் தீர்ப்பின் பயன் போய்ச் சேரவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும், தூசி பறக்காது.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகத் தோன்றுவது ஸ்பிரிங் பட்டறையில் நடக்கும் ஒரு மாற்றம். அதிகக் கிழங்கு ஏற்றுவதற்காகப் பின் ஆக்சிலில் கூடுதலாக ஒன்றிரண்டு ஸ்பிரிங் பட்டை போடுவார்கள். வண்டி பின்னால் தாழாது, பார்க்கத் திடமாக இருக்கும். பிற்காலப் பிக்கப்புகள் பலவற்றில் பின்சக்கரத்துக்குப் போகும் ஆயில் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. சுமை எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவதை வைத்து. கூடுதல் பட்டை போட்ட வண்டி நிறைந்த சுமையிலும் தாழ்வதில்லை. வால்வு வண்டியைக் காலி என்று கருதிப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்தே வைக்கிறது. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. முழு வேலையும் முன்பிரேக்கின் தலையில் விழுந்து, அது மட்டும் வெந்துபோகிறது. இந்த வண்டி பட்டறைக்கு வந்தால் முன் லைனர் அடிக்கடி தேய்கிறது என்ற புகாரோடு வரும். லைனர் மாற்றப்படும், மறுபடி தேயும், மறுபடி மாற்றப்படும், பாகம் தரமில்லை என்று பழி போகும். கோளாறு முன்சக்கரத்தில் தெரிகிறது. அதன் வேர் பின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கின் வேர் ஒரு நடைக்குக் கிடைக்கும் வாடகையில் இருக்கிறது. ஒரே நடையில் அதிகம் இறக்கினால்தான் டீசல் காசு போக மிஞ்சும் என்ற நிலையில் இருப்பவரிடம் பட்டையைக் கழற்றச் சொல்வது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழற்றாதபட்சத்தில் அந்த வால்வின் இணைப்பையாவது புதிய உயரத்துக்கேற்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அறிவு, ஸ்பிரிங் அடிப்பவருக்கும் பிரேக் பார்ப்பவருக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது. இரண்டும் தனித்தனிப் பட்டறைகள்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு தயாராக இருக்கும்: பழியை வண்டி மேலும் பயிர் மேலும் போடாதே, ஓட்டுநர்தான் காரணம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறார்கள், என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதன் விளைவும் கொடியது. டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை என்ஜினோடு சுற்றும் பம்ப் தருகிறது. என்ஜின் அணைந்தால் சேமிப்பில் உள்ளது இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல்லாகும். ஓட்டுநரைக் குறை சொல்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போலக் காற்றை அடைக்கும் தடுப்பு பொதுவாகக் கிடையாது. ஆகவே கியரில் இருந்தாலும் அது வண்டியைப் பிடித்திழுக்கும் வலு குறைவு. கனரக லாரிகளில் இதை ஈடுகட்ட எக்ஸாஸ்ட் பிரேக் வைத்தார்கள். சிறு பிக்கப்புகளுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டாம் கியரில் ஒழுங்காக இறங்குகிற ஓட்டுநரும் லாரிக்காரரைவிட அதிகம் பெடலை நம்ப வேண்டியிருக்கிறது. சாலை விதியும் இறங்குகிறவரிடம் அதிகம் கேட்கிறது: குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதிமுறை. நியாயமான விதி, ஆனால் ஆடிப் பதினெட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஓரி விழாவுக்கும் வண்டிகள் வரிசையாக ஏறும் நாளில், கிழங்கு ஏற்றி இறங்குகிறவர் சரிவில் எத்தனை முறை நின்று நின்று போக வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நீலகிரியின் கல்லட்டி சாலையில், 36 வளைவுகளே இருந்தாலும், வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை போட்டார்கள். அங்கே அது செல்லும், இறங்குகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள். கொல்லிமலையில் இறங்குகிறவர்கள் அந்த மலையின் மக்கள். இறங்காதே என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

தகுதிச் சான்று இருக்கிறதே, ஆண்டுக்கு ஆண்டு வண்டியைச் சோதிக்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை சமதளத்தில், குளிர்ந்த பிரேக்கில் நடக்கிறது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றி அளந்தாலும் குளிர்ந்த பிரேக்கின் பிடியைத்தான் அளக்கிறோம். மேலே சொன்ன கோளாறுகளில் ஈரம் ஏறிய ஆயிலும் பளபளத்த லைனரும் குளிர்ந்த நிலையில் பாதிக்குமேல் தங்களை மறைத்துக்கொள்ளும். வண்டி முதன்முதலில் அங்கீகாரம் பெறும்போது நடக்கும் சோதனையிலும் இதே இடைவெளி. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13-ஆம் விதிமுறையில், 6 சதவீதச் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 கிலோமீட்டர் இறங்குவதற்குச் சமமான ஒரு சோதனை உண்டு. அது கனரக லாரிக்கும் பெரிய பேருந்துக்கும்தான். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட சிறு சரக்கு வண்டிக்கு அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கும் சோதனை மட்டுமே. அந்தக் கனரகச் சோதனையில்கூட வண்டி இழக்கும் உயரம் 360 மீட்டர். கொல்லிமலை இறக்கம் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. உலகத் தரம் என்று நாம் மதிக்கும் அளவுகோலில் இந்தச் சாலையும் இந்த வண்டியும் சேர்ந்த நிலை எழுதப்படவே இல்லை. சான்று வாங்கிய வண்டி இறக்கத்தில் தோற்றால் சான்று பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அது வேறொரு கேள்விக்கான பதில்.

பழைய வண்டிகளையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கை அந்தத் திசையில்தான் பேசுகிறது. புதிய வண்டியின் ஏ.பி.எஸ்., பெரிய டிஸ்க், மேம்பட்ட லைனர் எல்லாம் நன்மைகளே, மறுக்கவில்லை. ஆனால் ஏ.பி.எஸ். செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது. சூட்டில் பிடிமானம் போன லைனருக்கும் கொதித்த ஆயிலுக்கும் அது எதுவும் செய்யாது. ஏற்ற வேண்டிய சுமையும் ஈரமுள்ள ஆயிலும் மாறாமல் இருந்தால், இன்றைய புதுவண்டி பத்தாண்டில் நேற்றைய பழைய வண்டியாகிவிடும். தவிர, மலை விவசாயியின் வருமானம் கிழங்கு விலையோடு ஏறி இறங்குவது. புது வண்டியின் மாதத் தவணை அப்படி இறங்காது. தவணை கட்டுவதற்காக இன்னும் ஒரு பட்டை போட்டு இன்னும் அரை டன் ஏற்றினால், வண்டி புதிதாகி ஆபத்து பழையதாகவே நிற்கும். பழைய வண்டியை மலைக்கு ஏற்றவாறு பராமரிக்கும் செலவு அதைவிட மிகக் குறைவு: ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் டாட் 4 ஆயில் முழுதாக மாற்றுவது, லைனர் அடிக்கும்போது டிரம்மை லேத்தில் பிடித்து உருண்டையாக்குவது, குறிப்பிட்ட விட்டத்தைத் தாண்டிய டிரம்மை எடைக்குப் போடுவது, ரப்பர் பாகங்களைப் பிரேக் ஆயிலிலேயே கழுவுவது. இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய கைகள் சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் இருக்கின்றன.

அந்தக் கைகளுக்குத் தகவல் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. ஒரு பிக்கப் வளைவில் கவிழ்ந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கிறார், அறிக்கை எழுதப்படுகிறது. அதற்குள் வண்டி ஆறிவிட்டிருக்கிறது, மிதித்தால் பெடல் நிற்கிறது, இயந்திரக் கோளாறு இல்லை என்று குறிக்க எல்லாச் சூழலும் கனிந்திருக்கிறது. அந்த அறிக்கையில் இன்னும் ஏழு விவரங்கள் இருந்தால் போதும்: வண்டி எந்தக் கியரில் நின்றிருந்தது, என்ஜின் சாவி எந்த நிலையில் இருந்தது, டிரம்மில் நீலம் பாய்ந்திருந்ததா, ஆயிலில் ஈரம் எத்தனை சதவீதம், பின்னால் எத்தனை பட்டை, சரக்கு எவ்வளவு எடை, அது தோண்டி எத்தனை நாளான கிழங்கு. ஆயில் ஈரத்தை அளக்கும் பேனா அளவுக் கருவி உதிரிப்பாகக் கடையில் கிடைக்கிறது; மற்றவற்றுக்குக் கண்ணும் எடைமேடையும் போதும். இந்த விவரங்களை ஒரு பத்தாண்டு சேர்த்து, காரவள்ளிச் சாலை, முள்ளுக்குறிச்சி வழி என்று பிரித்து, மாதவாரியாக அடுக்கி, நாமக்கல் பட்டறைகளின் சுவரில் ஒட்டினால், எந்த வளைவுக்கு மேல் டிரம் வேகத் தொடங்குகிறது, எங்கே கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிட ஓர் இடம் வெட்டித் தர வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறைக்கே அது சொல்லிவிடும்.